நேரமின்மை காரணமாக

கழுத்தில் அரிப்பு இன்னும் அடங்கவில்லை. தேங்காய் எண்ணெய், வேப்பிலை, பக்கத்து வீட்டு அம்மா தந்த பச்சை நிறக் களிம்பு எல்லாம் தடவியாயிற்று. தோல் மருத்துவர் உற்றுப் பார்த்துவிட்டு, "புதுசா ஏதாவது துணி போட்டீங்களா?" என்றார். நான் போடவில்லை. போர்த்தினார்கள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கல் முடிந்த கையோடு கிராமியக் கலை விழா நடத்துவது வழக்கம். இந்த வருஷத்து விழா போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தெர்மகோல் கிணறு, செல்ஃபி எடுக்க ஒரு மாட்டுவண்டி (மாடும் தெர்மகோல்தான்), இடுப்பில் தானாக ஒட்டிக்கொள்ளும் வேட்டி, ஒரு குவளை கூழ் 80 ரூபாய். உங்கள் குடியிருப்பிலும் இதேதான் என்பதால் விவரிக்கப் போவதில்லை. அந்த மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நீங்களும் படம் எடுத்தவர்தான்.

எனக்குப் பறையைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். ஆனால் அன்றைக்குப் பறைக்கு முன்னால் பொன்னாடை வந்துவிட்டது. எனவே நானும் முறைப்படி பொன்னாடையை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு வரிதான்.

பொன்னாடை மனிதப் பயன்பாட்டுக்காக நெய்யப்பட்டதல்ல. தண்ணீரைத் துடைத்தால் தண்ணீர் ஒதுங்கிக்கொள்ளுமே தவிர உறிஞ்சாது. போர்த்திக்கொண்டு படுத்தால் வேர்க்கும், விலக்கினால் குளிரும். மிக்சிக்கு உறையாகப் போட்டால் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிடும். இஸ்திரி போட்டால் உருகும். கிழித்துக் கரித்துணி ஆக்கலாம் என்றால் கிழியாது. தூக்கிப் போடவும் மனசு வராது, மரியாதையாயிற்றே. எங்கள் வீட்டு பீரோவில் அதற்கென்றே ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறது. அந்தத் தட்டில் இருப்பவற்றுக்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே உபயோகம், இன்னொருவருக்குப் போர்த்துவது. அவர் வீட்டு பீரோவிலும் ஒரு தட்டு இருக்கிறது. தமிழ்நாட்டில் மொத்தமே சில ஆயிரம் பொன்னாடைகள்தான் இருக்கின்றன, அவைதான் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்பது என் நெடுநாள் சந்தேகம்.

போர்த்துவதற்கு ஒரு நடைமுறை உண்டு. முதலில் பெயரை அழைப்பார்கள். அவர் கடைசி வரிசையில் இருப்பார். அங்கேதான் உட்கார வேண்டும், அப்போதுதான் நடந்து வருவதை எல்லாரும் பார்ப்பார்கள். எழுந்து, "எனக்கெதுக்கு?" என்று கையை ஆட்டுவார். பக்கத்தில் இருப்பவர் தள்ளிவிடுவார். மேடைக்கு வந்ததும் பொன்னாடையைக் காணாது. மேசைக்கு அடியில் இருக்கும். பிளாஸ்டிக் உறையோடு போர்த்துவதா, உறையைக் கிழித்துவிட்டா என்று ஒரு சிறு கருத்து வேறுபாடு. கிழித்துப் போர்த்தியதும், போர்த்துபவர், போர்த்தப்படுபவர், இருவருக்கும் இடையில் முகத்தை நீட்டும் பொருளாளர் மூவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து உறைந்து நிற்பார்கள். கேமராக்காரர் அப்போதுதான் பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பார். எனவே பொன்னாடையைக் கழற்றி மறுபடி போர்த்த வேண்டும். பிறகு, "ரெண்டு வார்த்தை பேசுங்க சார்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பொன்னாடைக்கு, ரெண்டு வார்த்தை உட்பட, குறைந்தது நான்கு நிமிடம். அன்று போர்த்தப்பட்டவர்கள் தலைவர், முன்னாள் தலைவர், முன்னாளுக்கும் முன்னாள் தலைவர், லிஃப்ட் பராமரிப்பு மேலாளர், ஆழ்துளைக் கிணறு போட்டவர், கூழ்க்கடைக்கு இடம் கொடுத்தவர், கூழை ருசி பார்த்தவர், அடியேன் என்று 22 பேர். போர்த்திப் போர்த்தித் தோள் வலித்தவர்களுக்கு நன்றி சொல்லும் விதமாக இன்னும் நாலு பேர். மொத்தம் 104 நிமிடம். அந்த 104 நிமிடமும் மேடைக்குப் பின்னால், தை மாசப் பனியில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் நையாண்டி மேளக் குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது. நாகசுரம், தவில், பம்பை, உறுமி, தமுக்கு, அலங்கரித்த கரகம், கரகத்தின் உச்சியில் ஒரு கிளி. விழாவில் பொறுமையாக இருந்தது அந்தக் கிளி மட்டும்தான்.

பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று தலைவர்களே சொல்லிப் பார்த்துவிட்டார்கள். எங்கள் குடியிருப்பிலும் ஒரு வருஷம் முயன்றோம். கொடுப்பவர்கள் அவரவர் எழுதிய புத்தகத்தைக் கொடுக்க ஆரம்பித்ததும் பொன்னாடைக்கே திரும்பிவிட்டோம்.

இரண்டு வரி என்றேன் அல்லவா, இதோ முடிகிறது. ஆனால் கரகக்காரருக்குப் போர்த்தியதைச் சொல்லாமல் முடித்தால் பாவம் பிடிக்கும். ஆட்டக் கரகத்துக்குச் செம்பில் அரிசியோ மணலோ போட்டு எடையேற்றி, மேலே ஜோடனை வைத்து, தலையில் நிறுத்தி, கை படாமல் ஆட வேண்டும். அந்தப் பெண் கரகத்தை ஏற்றிக்கொண்டு, சலங்கையைத் தட்டி, முதல் அடி வைத்த நேரத்தில்தான், "கலைஞர்களைக் கௌரவிக்க மறந்துட்டோமே!" என்று தலைவருக்கு ஞாபகம் வந்தது. மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு ஓடி வந்தார். அவர் உயரம் குறைவு. எக்கினார். கிளிக்குப் போர்த்திவிடுவார் போலிருந்தது. அந்தப் பெண் மெல்ல முழங்காலை மடக்கித் தாழ்ந்து கொடுத்தார். கரகம் அசையவில்லை. பொருளாளர் வந்து முனையைப் பிடித்தார். கரகம் அசையவில்லை. படம் சரியாக விழவில்லை என்று மறுபடி கழற்றிப் போர்த்தினார்கள். அப்போதும் அசையவில்லை. அன்றைய விழாவில் நான் கண்ட ஒரே முழுமையான கலை நிகழ்ச்சி அதுதான். கை தட்டியவன் நான் ஒருவன். தலைவர் எனக்குக் கும்பிடு போட்டார்.

சரி, பறைக்கு வருகிறேன். பறையின் கட்டை வேப்பமரத்தில் செய்வது, தோல் கன்றுத்தோல். பனி ஏறினால் தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி அனலில் காட்டினால்தான் விறைத்துக் 'கிண்'ணென்று பேசும். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த செட்டு வண்டி நிறுத்துமிடத்தின் ஓரமாக ஒரு கைப்பிடி வைக்கோலைப் பற்றவைத்தது. காவலாளி ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். அவர் பின்னாலேயே செயலாளர் வந்தார். தீ விபத்து, காப்பீடு, பேஸ்மென்ட், கியாஸ் லைன் என்று ஒரு சின்ன உரை. வைக்கோல் அணைந்தது. ஹேர் டிரையர் கொண்டு வரட்டுமா என்று மூன்றாம் மாடி அம்மா அன்போடு கேட்டார். மைக்ரோவேவில் முப்பது விநாடி வைத்தால் போதாதா என்று ஒரு மென்பொருள் பொறியாளர் யோசனை சொன்னார். செட்டுக்குத் தலைமை தாங்கியவர் பறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேணாம் சார், அப்படியே அடிக்கிறோம்" என்றார். அந்த நேரத்தில் மேடையில் ஐந்து முகக் குத்துவிளக்கை ஐந்து பிரமுகர்கள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காற்றில் அணைய அணைய, தீப்பெட்டி காலியாகும் வரை ஏற்றினார்கள். அந்தத் தீக்கு மட்டும் காப்பீடு இருந்தது போலும்.

பிறகு உரைகள். எத்தனை பேர் பேசினாலும் உரை ஒன்றுதான்: "அழிந்துவரும் நமது கலைகளை..." இதைக் கலைஞர்களை எதிரே உட்காரவைத்துக்கொண்டே சொல்வார்கள். 'கரகாட்டக்காரன்' 1989இல் வந்தது, மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. எங்கள் பேச்சாளர்களின் கலை அறிவு அந்தப் படத்தில் ஏறி இன்னும் இறங்கவில்லை. ஒருவர் ஒயிலாட்டத்தைக் கரகாட்டம் என்றார், இன்னொருவர் தவிலைப் பறை என்றார், கூட்டத்திலிருந்து யாரோ வாழைப்பழத்தைக் கேட்டார்கள். 2007இல் சென்னை சங்கமம் தொடங்கியபோது பூங்காவிலும் கடற்கரையிலும் இந்தக் கலைகளைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்ததும், 2023இல் அது மறுபடி வந்ததும் யாருக்கும் நினைவில்லை. நாட்டுப்புறப் பாடகி விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனுக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் கொடுத்தார்கள். எங்கள் மேடையில் மட்டும் கலை அழிந்துகொண்டே இருந்தது, பேச்சாளர்கள் அழாக்குறையாகக் காப்பாற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் மேளக்காரர் ஒருவரிடம், "கேட்டீங்களாண்ணே, அழிஞ்சுக்கிட்டு வர்றீங்களாமே?" என்றேன். "அழியிறதுக்கு எங்கண்ணே நேரம்? மாசி, பங்குனி ரெண்டுக்கும் தேதி குடுத்தாச்சு. இவங்க பேச்ச முடிச்சா பஸ்ஸப் பிடிச்சிருவோம்" என்றார்.

ஆறு மணி என்று அழைப்பிதழில் போட்ட விழா ஏழரைக்குத் தொடங்கியது. பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். கடைசியாகத் தெருக்கூத்து. செய்யாறு பக்கத்தில் கூத்து தொடங்குகிற நேரமே பத்து மணிதான், முடியும்போது விடிந்திருக்கும். எங்கள் விழாக் குழு கூத்துக்காரர்களிடம் 'பாஞ்சாலி துகிலை' பத்து நிமிடத்தில் கேட்டிருந்தது. அதிலும் நன்றியுரைக்கு இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் துகில் கட்டம் வந்தால் கற்பூரம் காட்டுவார்கள், பார்க்கிற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இங்கே துச்சாதனன் முந்தானையில் கை வைத்தபோது செயலாளர் மைக்கைப் பிடுங்கி, "நேரமின்மை காரணமாக..." என்றார். துச்சாதனன் கையை எடுத்துவிட்டார். அன்று பாஞ்சாலியைக் காப்பாற்றியவர் கண்ணன் அல்ல, எங்கள் செயலாளர். முடிவே இல்லாமல் துணி வந்துகொண்டிருந்தது என்னவோ உண்மை, ஆனால் அது முன்னாலேயே, பொன்னாடையாக வந்து தீர்ந்துவிட்டது.

பறையைப் பற்றிச் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. ஆனால் பொன்னாடைக்கே இத்தனை பக்கம் போய்விட்டது, ஆசிரியர் கொடுத்த இடம் முடிகிறது. எங்கள் விழாவைப் பற்றிய கட்டுரை வேறு எப்படி முடியும்?

கோபமாகவே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் நடத்தப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பறைக்கு மேடை வேண்டாம், தரை போதும். ஒரு மூலையில் வைக்கோல் கொளுத்த விடுங்கள், காவலாளி வாளியோடு பக்கத்தில் நிற்கட்டும். கூத்துக்குப் பத்து நிமிடம்தான் தர முடியும் என்றால் கூத்தைக் கூப்பிடாதீர்கள். பேச வேண்டியவர்கள் கலைஞர்கள் பஸ் ஏறிய பிறகு, விடிய விடியக்கூடப் பேசலாம், மைக் இல்லாமல். பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தைக் கலைஞர்களின் சம்பளத்தில் சேருங்கள். அந்தச் சம்பளத்தை ஆட்டம் தொடங்கும் முன்னால் கையில் கொடுங்கள். பொருளாளர் பொன்னாடை முனைகளைப் பிடித்த களைப்பில் ஒன்பதரைக்கே தூங்கப் போய்விட்டதால், திண்டுக்கல் செட்டுக்குப் பாக்கிப் பணம் நேற்றுவரை போய்ச் சேரவில்லை.