ஓட்டின் மேல் அன்று, மாடியின் மேல் இன்று

ரேடியோவை நன்றாகக் கேட்க நினைப்பவர் முதலில் வீட்டுக்கு வெளியே வர வேண்டும். பெட்டி உள்ளே இருக்கட்டும். ஏரியல் வெளியே, உயரத்தில் நிற்க வேண்டும். எழுபதுகளில் கோவில்பட்டியில் அப்பா சொல்லிக் கொடுத்த பாடம் இது. இன்று அதே ஊரில் மொட்டை மாடி ஆன்டெனாவை ஒரு ஸ்கேனரோடு இணைக்கும்போதும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அன்று எங்களிடம் இருந்தது பிலிப்ஸ் வால்வு ரேடியோ. வால்வு சூடேறிய பிறகுதான் பேசும். பின்பக்க அட்டையில் இரண்டு துளைகள்: ஒன்று ஏரியலுக்கு, மற்றது எர்த்துக்கு. இலங்கை வானொலியைக் கேட்க இரண்டுமே வேண்டியதில்லை. கம்பி இல்லாமலே கணீரென்று வந்தது. அப்பா தேடியது லண்டனை. பிபிசி தமிழோசை சிற்றலையில், வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, ஏறியும் இறங்கியும் வரும். அதைப் பிடிக்கத்தான் ஏரியல்.

ரேடியோ ரிப்பேர்க் கடை அண்ணாச்சி வீட்டுக்கே வந்து இடம் பார்த்தார். அப்பா பள்ளி ஆசிரியர் என்பதால் அவருக்குச் சார்வாள். "பெட்டிக்குப் போடுற காசுல கொஞ்சத்த ஏரியலுக்குப் போடுங்க சார்வாள், அதுதான் சத்தத்த இழுத்துட்டு வரும்" என்றார். வீட்டின் இரு முனைகளிலும் சவுக்குக் கம்பு நட்டு, நடுவே ஐம்பது அடிக்கு மேல் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். கம்பி கம்பைத் தொடாதபடி இரு முனையிலும் பீங்கான் உருண்டை. ஒரு முனையிலிருந்து இறங்கிய கம்பி, ஜன்னல் சட்டத்தில் ரப்பர் குழாய்க்குள் நுழைந்து ரேடியோவுக்கு வந்தது. "எலே, தொய்வில்லாம இழுத்துப் பிடி" என்று அப்பா கீழே நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எர்த்துக்குத்தான் அதிக உழைப்பு. குழி தோண்டி, இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடினோம். எங்கள் கரிசல் மண் மழைக்கு வீங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பு விழுந்தால் குழாய்க்கும் மண்ணுக்கும் உள்ள பிடிப்பு விட்டுவிடும். எனவே சித்திரை, வைகாசியில் அந்தக் குழிக்குக் குடம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. ஜன்னலோரம் ஒரு கைப்பிடி சுவிட்ச் இருந்தது. மேலே தள்ளினால் ஏரியல் ரேடியோவுக்குப் போகும். கீழே தள்ளினால் நேரே எர்த்துக்குப் போகும். மேற்கே மேகம் கறுத்தால் அம்மாவே அதைக் கீழே தள்ளிவிடுவாள்.

வீட்டில் ரேடியோ வைத்திருக்க அப்போது லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டிப் புத்தகத்தில் பதிந்து வருவார் அப்பா. ஓட்டின் மேல் கம்பி ஓடும் வீட்டில் ரேடியோ இருப்பது தெருவுக்கே தெரியும். தெரிந்தவர்கள் செய்தி கேட்க வருவார்கள். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தி பரவியபோது எங்கள் ஜன்னலோரம் கூட்டம் நின்றது. அவர் இறந்துவிட்டதை பிபிசி முன்பே சொல்லிவிட்டது. அகில இந்திய வானொலி மாலையில்தான் அறிவித்தது. அந்தச் சில மணி நேரத்தில், ஒரு செம்புக் கம்பியால் என்ன செய்ய முடியும் என்பது எனக்கு விளங்கியது.

இப்போது அந்த ஓட்டு வீடு இல்லை. அதே மனையில் காங்கிரீட் வீடு. 2017-இல் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் நின்றுவிட்டது. செய்தி கேட்க யாரும் யார் ஜன்னலுக்கும் வர வேண்டியதில்லை. ஆனாலும் நான் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்கான உரிமம் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஸ்கேனர் வந்தது. ஒரு அலைவரிசையில் நிற்காமல் வரிசையாகத் தாவிச் சென்று, பேச்சு கேட்கும் இடத்தில் தானாக நின்றுகொள்ளும் ரிசீவர் அது.

அன்று தேடிய குரல்கள் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி எங்களுக்காகவே வந்தவை. ஸ்கேனரில் விழுபவை பெரும்பாலும் அருகில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்பவை. இந்த வேறுபாட்டை மதிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காவல்துறையின் பேச்சு எனக்கானது அல்ல. அந்த அலைவரிசைகளை ஸ்கேனர் தொடாதபடி விலக்கி வைத்திருக்கிறேன். நான் கேட்பது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஹாம் அலைவரிசை, 145.800-இல் சர்வதேச விண்வெளி நிலையம், 137 மெகாஹெர்ட்ஸையொட்டி வரும் வானிலைச் செயற்கைக்கோள்கள். இவையே ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கப் போதும்.

இந்த உயர் அலைவரிசைகள் வானத்தில் பட்டுத் திரும்புவதில்லை. ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். எனவே உயரம்தான் எல்லாம். தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவுக்கு ரேடியோ அடிவானம் சுமார் 6 கிலோமீட்டர். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் 13 கிலோமீட்டர். கூரையும் ஒரு காரணம். அன்றைய மண் ஓடு அலைகளை உள்ளே விட்டது. காங்கிரீட் கூரைக்குள் இரும்புக் கம்பி வலை ஓடுவதால் அலைகள் தடுமாறுகின்றன. ஓட்டு வீட்டில் வெளி ஏரியல் ஓர் உதவி. காங்கிரீட் வீட்டில் அது இல்லாமல் ஆகாது.

இன்னொரு காரணம் இரைச்சல். அன்று தொந்தரவு செய்தவை ட்யூப் லைட் சோக்கும், தெருவில் போகும் மோட்டார் சைக்கிளும்தான். இன்று எல்இடி பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர் என்று வீட்டில் உள்ள ஒவ்வொன்றும் அலையில் அழுக்கைக் கரைக்கிறது. ஸ்கேனரின் தலையில் செருகியிருக்கும் குட்டி ஆன்டெனா இந்த அழுக்குக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. மாடிக்குப் போன ஆன்டெனா அதிலிருந்து விலகி நிற்கிறது.

ஆன்டெனாவை நானே செய்தேன். 145 மெகாஹெர்ட்ஸுக்கு கால் அலைநீளம் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். அந்த நீளத்தில் நட்டுக்குத்தாக ஒரு பித்தளைக் கம்பி. அதன் அடியில் கீழ்நோக்கிச் சாய்ந்த நான்கு கம்பிகள். பல அலைவரிசைகளை ஒன்றாகக் கேட்க விரும்புபவர் டிஸ்கோன் என்ற கூம்பு ஆன்டெனாவை வாங்கலாம்.

கேபிள் விஷயத்தில் மட்டும் கை சுருக்கக் கூடாது. அண்ணாச்சி ஏரியலைப் பற்றிச் சொன்னது இன்று கேபிளுக்குத்தான் அதிகம் பொருந்துகிறது. ஒல்லியான ஆர்ஜி-58 கேபிள் இருபது மீட்டர் போட்டால் இந்த அலைவரிசையில் சிக்னலில் பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். ஆயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பத்தில் ஒரு பங்குகூட வந்து சேராது. கடையில் மலிவாகக் கிடைக்கும் டிஷ் கேபிளான ஆர்ஜி-6 இதைவிட மேல். அது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம் என்று சிலர் தயங்குவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் இழப்பது சுமார் நான்கு சதவீதம்தான். தடித்த கேபிளால் கிடைக்கும் லாபம் அதைவிட மிக அதிகம். டிஷ் கேபிளின் முனையை ஸ்கேனரின் பிஎன்சி சாக்கெட்டில் சேர்க்க ஒரு சிறு அடாப்டர் போதும். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். மழை நீர் அதன் வழியே உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

வெளி ஆன்டெனா வேண்டியதை மட்டும் கொண்டுவராது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் எஃப்எம் நிலையங்களின் பலத்த அலைகளும் சேர்ந்து வந்து ஸ்கேனரைத் திணறடிக்கும். இல்லாத இடத்தில் பாட்டுக் கேட்கும். கேபிளுக்கும் ஸ்கேனருக்கும் நடுவே ஓர் எஃப்எம் ஃபில்டர் செருகினால் அது தீரும்.

மின்னல் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஆன்டெனா நிற்கும் மாடிக் குழாயிலிருந்து தடித்த செம்புக் கம்பியை எர்த் குழிக்கு இறக்கியிருக்கிறேன். கேபிள் வழியில் இடிதாங்கிச் சாதனம் ஒன்று இருக்கிறது. நேராக விழும் இடியை இவை நிறுத்தா என்பதால், மேகம் கூடினால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுவது வழக்கம். கரிசல் மாறவில்லை, கோடையில் அந்தக் குழிக்கு இன்றும் தண்ணீர் போகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் கம்பியைப் பார்த்து, "செல்போன் டவரா அண்ணாச்சி? பிள்ளைகளுக்கு ஒண்ணும் செய்யாதே?" என்று கேட்டார். அவரை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். இது கேட்க மட்டுமே. எதையும் வெளியே விடாது என்று விளக்கினேன். ஒரு காலத்தில் தெருவையே ஒன்றுதிரட்டிய கம்பி இன்று தெருவை அஞ்சவைக்கிறது. அந்த அச்சத்தைப் பொறுமையாகப் போக்குவது கம்பி கட்டியவரின் கடமை.

தம்பி மகள் கல்லூரியில் படிக்கிறாள். கட்டைவிரல் அளவு யுஎஸ்பி ரிசீவரை லேப்டாப்பில் செருகி, தொலைக்காட்சிக்காகச் செய்த சில்லை அகல அலை ரிசீவராக்கிவிடுகிறாள். அன்று வால்வு ரேடியோவின் பச்சைக் கண் சுருங்கி விரிவதைப் பார்த்து அப்பா ஸ்டேஷன் பிடித்தார்; இவள் திரையில் வழியும் வண்ணக் கோடுகளைப் பார்த்துப் பிடிக்கிறாள். 53 சென்டிமீட்டரில் இரண்டு கம்பிகளை 120 டிகிரி கோணத்தில் விரித்து மாடியில் படுக்கை வாக்கில் வைத்தாள். ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள் தலைக்கு மேல் போன சில நிமிடங்களில், மன்னார் வளைகுடாவும் அதன் மேல் மேகமும் வரிவரியாகத் திரையில் வந்தன. "பெரியப்பா, இதுக்கு நெட்டே வேண்டாமா?" என்று கேட்டாள். வேண்டாம். வானமும் கம்பியும் போதும்.

இது பொழுதுபோக்கு மட்டுமல்ல என்பதற்கு 2004 சாட்சி. அந்த டிசம்பரில் ஹாம் வானொலியாளர் பாரதி பிரசாத்தின் குழுவினர் ஹாம் தொடர்புக்காக அந்தமானுக்குப் போய், போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார்கள். 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து தொலைபேசிகள் செத்தபோது, தீவுகளுக்கும் நாட்டுக்கும் இடையே தகவல் கொண்டுசென்றவர்களில் அவர்களும் இருந்தார்கள். வேறு எதற்காகவோ கட்டிய ஆன்டெனாதான் அன்று கைகொடுத்தது. புயல் எச்சரிக்கை வந்த பிறகு மாடியேறிக் கம்பி கட்ட முடியாது.

அதனால்தான் தென் மாவட்டக் கடற்கரைப் பள்ளிகளின் மாடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசை. ஒவ்வொன்றிலும் ஒரு வெளி ஆன்டெனா நிற்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் அலைநீளம் படிக்கும் பிள்ளைகள் அதைத் தங்கள் கையால் அளந்து வெட்டிக் கட்ட வேண்டும். செலவு ஒரு சாதாரண செல்போன் விலைகூட வராது. எர்த் குழி தோண்டவும், சொட்டு வளைவு எங்கே விட வேண்டும் என்று காட்டவும் என்னைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம்.