சேருவது யார், விலகுவது யார்?

கேள்வி: உலக அமைதிக்குப் புதிதாக ஓர் அமைப்பு தொடங்கினால் எந்தெந்த நாடுகள் சேரும்? முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பதில்: ஜோசியரே திணறுவார். 1920-ல் பன்னாட்டுச் சங்கம் பிறந்தது. அதற்காக ஊர் ஊராகப் பேசி உடம்பைக் கெடுத்துக்கொண்டவர் அமெரிக்க ஜனாதிபதி வில்சன். அவர் நாட்டு செனட்டோ கையை விரித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வராத கல்யாணம்! தன்னைத்தானே ஆள உரிமையில்லாத இந்தியா அதில் ஸ்தாபக உறுப்பினர். 1933-ல் ஜப்பானும் ஜெர்மனியும் விலகல் கடிதம் நீட்டின. 1934-ல் நுழைந்த சோவியத் யூனியன், பின்லாந்து மீது படையெடுத்ததால் 1939-ல் வெளியேற்றப்பட்டது. ஆகவே, யார் சேருவார்கள் என்பது கஷ்டமான கேள்வி. யார் விலகுவார்கள்? சுலபம். பக்கத்து நாட்டு வரைபடத்தை அடிக்கடி விரித்துப் பார்ப்பவர்கள்!