பூச்சி ஜோசியம்

ஏ தாயி, இப்படி வந்து உக்காரு. பிள்ளை ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கிறான், மூஞ்சியில வெள்ளைத் திட்டு விழுந்திருக்கு, தலகாணியில எச்சி ஒழுகுது, அதனால வயித்துல பூச்சிதான்னு தீர்ப்பு சொல்லிட்டியாமே? நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல வாட்ச்மேனா இருந்து கெழவனானவன். அங்க டாக்டரம்மாவுக்குக்கூட மைக்ராஸ்கோப்பு வேண்டியிருந்துச்சு. உனக்குத் தலகாணி உறையே போதும்போல!

மாமியா பேரை எடுத்தா நீயுந்தான் பல்லை நறநறங்குற. உனக்கு யாரு பூச்சி மருந்து குடுத்தா? மூஞ்சித் திட்டு தோலோட சமாச்சாரம், வறண்ட தோலுப் பிள்ளைகளுக்கு வரும். மிட்டாயி தின்னா பூச்சி பெருகும்னு வேற அவன் கையிலருந்து புடுங்குற. மிட்டாயில ஏது முட்டை? அதைப் புடிச்ச கையில, நகத்துக்கு அடியில இருக்கும். நகத்தை வெட்டுனா குடி முழுகிருமா?

கண்ணால பாக்கணும்னா கீழ் இமையை லேசா இழுத்துப் பாரு. வெளுத்துக் கெடந்தா ரத்தம் கம்மி. வெறுங்காலோட கொல்லைக்குப் போற பிள்ளைன்னா கொக்கிப்புழு உறிஞ்சுதோன்னு சந்தேகப்படலாம். சந்தேகந்தான், தீர்ப்பு இல்ல. அதுக்குத்தான் மோஷன் டெஸ்டு.

அந்த டெஸ்டுக்கு நம்மூருச் சனம் கொண்டார சீரைப் பாக்கணுமே! ஊறுகா பாட்டில்ல, எண்ணெய்ப் பிசுக்கோட, கழுத்து முட்ட நெப்பிக் கொண்டாந்தா ஒருத்தி. லேப்ல இருந்த பொண்ணு, "அக்கா, புளியங்கொட்டை அளவு போதும்"னுச்சு. இவளுக்குக் கோவம்: "என் பிள்ளை குடுத்ததைக் கொறை சொல்றியா?" அவங்க குடுக்குற டப்பாவுல, மூத்திரம் தண்ணி படாம, கொஞ்சமா எடு. காலையில எடுத்ததைச் சீரியல் முடிச்சுச் சாயங்காலம் கொண்டு போவாத. நேரம் ஆக ஆக கொக்கிப்புழு முட்டை பொரிச்சாலும் பொரிச்சிரும். நாக்குப்பூச்சி நல்லது, ஒளியத் தெரியாது. பொட்டைப்பூச்சி ஒண்ணு ஒருநாளைக்கு 2 லட்சம் முட்டை வரைக்கும் போடும், ஒரு டெஸ்டுலயே மாட்டிக்கும். ஜியார்டியான்னு ஒரு கிருமி இருக்கு, அது கள்ளன். ஒருநா தெரியும், ஒருநா தெரியாது. அதான் வேற வேற நாள்ல 3 தடவை கேக்குறாங்க. லேப்காரங்களுக்கு ஆசையா என்ன!

இப்ப உன் மகன் கதைக்கு வாரேன். ராத்திரியில குண்டியச் சொறியுறான்னா பெரும்பாலும் கீரிப்பூச்சி. அது குடலுக்குள்ள முட்டை போடுறதில்ல. பிள்ளை தூங்குனதும் வெளிய வந்து ஆசனவாயைச் சுத்திப் போட்டுட்டுப் போயிரும். அதனால மோஷன் டெஸ்டுல முக்காவாசி அம்புடாது. தூங்கி 2, 3 மணி நேரங்கழிச்சு டார்ச்சடிச்சுப் பாரு, வெள்ளை நூலாட்டம் நெளியும். இல்லைன்னா செலோ டேப்பு. சிரிக்காத, நெசமாத்தான்! விடிஞ்சதும், வெளிக்குப் போறதுக்கு முன்னாடி, கழுவுறதுக்கு முன்னாடி, ஒட்டுற பக்கத்தை அந்த எடத்துல ரெண்டு தடவை அமுக்கி எடுத்து, லேப்ல குடுத்த கண்ணாடியில ஒட்டிக் கொண்டு போவணும். அடுத்தடுத்து 3 நாள் செஞ்சா பெரும்பாலும் தெரிஞ்சிரும். நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியும். பிள்ளையக் குளிப்பாட்டி, பவுடரடிச்சு, பொட்டும் வச்சுக் கூட்டிட்டுப் போவ. முட்டையெல்லாம் சாக்கடைக்குப் போயிருக்கும். அப்பறம் டாக்டரு சரியில்லம்ப.

வருசத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரியிலயும் ஆகஸ்டுலயும், அங்கன்வாடியிலயும் பள்ளிக்கூடத்துலயும் டெஸ்டே இல்லாம அல்பெண்டசோல் சும்மாத்தான் குடுக்குறாங்க. அன்னைக்குப் பாத்து உன் மகனுக்குச் சளி, லீவு!

கீரிப்பூச்சின்னு உறுதியானா டாக்டரு வீட்டுல எல்லாருக்கும் மாத்திரை எழுதுவாரு. உன் வீட்டுக்காரரு "எனக்கெதுக்கு?"ன்னு மீசைய முறுக்குவாரு. பூச்சி மீசையப் பாத்தா வருது? ரெண்டு வாரங்கழிச்சு எல்லாரும் இன்னொரு தடவை சாப்பிடணும். உன் நாத்தனா முழுகாம இருக்கால்ல, அவ மட்டும் டாக்டரைக் கேக்காம மாத்திரையத் தொடக்கூடாது.