வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அட்மின் ஆவது எப்படி?

ஹாலில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் இனி யாரும் எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டீர்களா? நல்லது. யாரைத் தடுக்கப் போகிறீர்கள் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். எல்லோரும் ஒன்பதாம் வகுப்புப் பையனைத்தான் சந்தேகிப்பார்கள். அவன் பரவாயில்லை, என்ன வேண்டும் என்று தெரிந்து தேடுகிறவன். ஆபத்து, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமனார்.

பிடிஎஃப்பை வேர்டாக மாற்ற இலவசமாக ஏதாவது கிடைக்குமா என்று தேடுவார். பளிச்சென்று தெரியும் பச்சை டவுன்லோட் பட்டன் விளம்பரம். நிஜமானது கீழே பொடி எழுத்தில் இருக்கும். அவர் பச்சையைத்தான் அமுக்குவார். பிறகு நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, ஃபினிஷ். எடுத்துவிட்டிருக்க வேண்டிய டிக்குகளை எல்லாம் பெரிய மனசோடு அப்படியே விட்டுவிடுவார். கடைசியில் பிடிஎஃப் பிடிஎஃப்பாகவே இருக்கும். கூடவே ஒரு டிரைவர் அப்டேட்டர், ஒரு ஸ்பீடு பூஸ்டர், இரண்டாவதாக ஒரு ஆன்டிவைரஸ். பழைய ஆன்டிவைரஸும் புதியதும் ஒரே அடுப்படியில் இரண்டு ஓரகத்திகள் மாதிரி மோதிக்கொள்ளும்.

சரி, வேலைக்கு வருவோம். விண்டோஸில் கணக்கு இரண்டு வகை: அட்மினிஸ்ட்ரேட்டர், ஸ்டாண்டர்ட் யூசர். 2001-இல் வந்த எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் எல்லோருமே அட்மின். ஐந்து பேர் இருந்தால் ஐந்து நாட்டாமை. 2007-இல் விஸ்டா வந்தபோதுதான் திரையை மங்கலாக்கி “அனுமதிக்கலாமா?” என்று கேட்கும் பெட்டி வந்தது. அட்மினிடம் அது யெஸ்ஸா நோவா என்று மட்டும் கேட்கும். அதை முழுக்கப் படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. யெஸ் எந்தப் பக்கம் என்பது கைக்கே தெரியும். ஸ்டாண்டர்ட் கணக்கில் இருப்பவரிடமோ அதே பெட்டி அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

தனியாக ஒரு அட்மின் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸுக்குப் போய், மற்றவர்களை ஒவ்வொருவராக ஸ்டாண்டர்டுக்கு இறக்குங்கள். உங்கள் அன்றாடக் கணக்கையும் சேர்த்துத்தான். பச்சைப் பட்டனை நீங்கள் அமுக்கியதே இல்லையா என்ன?

இதைப் பூட்டு என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். “புது அப்டேட்ல இப்படி மாறிடுச்சு மாமா, நான் ஒண்ணும் பண்ணலை” என்று சொல்லுங்கள். எல்லோரும் நம்புவார்கள், அப்டேட்டுகளின் பெயர் அப்படி.

இரண்டே நாளில் பையன் ரோப்ளாக்ஸ் விளையாடிக்கொண்டிருப்பான். பதறாதீர்கள், அவன் பாஸ்வேர்டைத் திருடவில்லை. குரோம், ஜூம், ரோப்ளாக்ஸ் மாதிரி பல மென்பொருள்கள், பயன்படுத்துகிறவரின் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே குடியேறிவிடும். அதற்கு அட்மின் அனுமதியே தேவையில்லை. ஸ்டோரிலிருந்து மட்டும்தான் ஆப் எடுக்கலாம் என்று செட்டிங்ஸில் மாற்றிப் பார்ப்பீர்கள். ஸ்டோரிலும் ரோப்ளாக்ஸ் இருக்கிறது. இப்படி நுழைவதைத் தடுப்பதற்கென்றே விண்டோஸ் 7 காலத்திலிருந்து ஆப்லாக்கர் என்று ஒன்று உண்டு. ஆனால் அதை இயக்கும் குரூப் பாலிசி எடிட்டர், வீடுகளுக்கு விற்கும் ஹோம் பதிப்பில் கிடையாது.

பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்கள் டீப் ஃப்ரீஸ் போடச் சொல்வார்கள். அற்புதமான மருந்து. யார் எதைப் போட்டாலும் ரீஸ்டார்ட் செய்தால் மெஷின் பழையபடி ஆகிவிடும். மாமனார் மூன்று மணி நேரம் உட்கார்ந்து டைப் அடித்து டெஸ்க்டாப்பில் சேமித்த அறுபதாம் கல்யாணப் பத்திரிகையும் சேர்ந்தே மறைந்துவிடும். ஃப்ரீஸ் ஆகாத ஒரு டிரைவை ஒதுக்கி, அதில் சேமிக்கச் சொல்லலாம்தான். யார் கேட்பார்கள்?

இனி உங்கள் உத்தியோகம் ஆரம்பம். அட்மின் என்றால் அதிகாரம் என்று நினைத்திருப்பீர்கள். அது சாவிக்கொத்தோடு நிற்கும் வாட்ச்மேன் வேலை. பிரின்டர் டிரைவருக்குக் கூப்பிடுவார்கள். ஸ்கேனருக்குக் கூப்பிடுவார்கள். மனைவி கணக்கு வழக்கு பார்ப்பவர் என்றால், மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசி நாள். அன்று பார்த்து டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனின் டிரைவரைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். லேட் ஃபீயை யார் கணக்கில் எழுதுவது என்ற பேச்சு வரும்.

ஒரு நாள் நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது போன் வரும். “மாப்பிள்ளை, பாஸ்வேர்டு கேக்குது.” மாமனாரிடம் முடியாது என்று சொல்ல முடியுமா? வாசலுக்கு வந்து மெதுவாகச் சொல்வீர்கள்: “கேபிடல் எம்... அப்புறம் அட்... வட்டத்துக்குள்ள ஏ மாதிரி இருக்கும் மாமா, ஷிஃப்ட் அழுத்திட்டு ரெண்டு...” அவர் ஒவ்வொன்றையும் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். பாதியில், “இருங்க, கண்ணாடியைக் காணோம், பேரனையே அடிக்கச் சொல்றேன்” என்பார்.