ஏழு நிமிடம் பாக்கி

எங்கள் வீட்டு ஓடிஜி மின்னடுப்பின் டைமரை 30-இல் வைத்தால் 23 நிமிடம் நேர்மையாக ஓடும். ஏழு பாக்கி இருக்கும்போது நின்றுவிடும். டைமர் நின்றால் அடுப்பும் அணைந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். முள் பூஜ்யத்தைத் தொட்டால்தான் இணைப்பு துண்டாகும். ஏழிலேயே உட்கார்ந்துகொண்டால் உள்ளே கம்பி செக்கச்செவேலென்று எரிந்துகொண்டே இருக்கும். அப்படிக் கரியான வாழைப்பழக் கேக்கை மாமியார் கத்தியால் தட்டிப் பார்த்துவிட்டு, "பல் தேய்க்க ஆகும், எடுத்து வை" என்றார்.

வைத்தியர்களுக்கு மட்டும் குறைவில்லை. மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர், "லோ வோல்டேஜ்தாம்மா. ஸ்டெபிலைசர் போடு" என்றார். இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் போனிலேயே, "சென்சார் போயிருக்கும் சித்தி" என்று முடித்துவிட்டான். இல்லாத சென்சார் எங்கே போகும்? என் கணவர் எப்போதும்போல், "புதுசு வாங்கிடலாமே" என்றார். எங்கள் வீட்டில் குழாய் சொட்டினாலும் அவர் சொல்லும் மருந்து அதுதான்.

இவர்கள் எல்லாரும் கரண்டையே சந்தேகப்பட்டார்கள். அந்த அடுப்பில் கரண்டைத் தின்னாமல் வேலை செய்கிற ஆசாமி டைமர். நாம் குமிழைத் திருகும்போது உள்ளே சுருள்வில் இறுகுகிறது. அது பிரியப் பிரியப் பல்சக்கரங்கள் சுற்றுகின்றன. பூஜ்யம் வந்ததும் இரண்டு உலோகப் பட்டிகள் விலகி ஹீட்டருக்குப் போகும் கரண்டை வெட்டுகின்றன. குட்டிச் சுத்தியல் மணியில் டிங் என்று அடிக்கிறது. பழைய அலாரம் கடிகாரத்தின் சின்னத் தம்பி, அவ்வளவே. அதனால்தான் கேக் வைத்ததும் கரண்ட் போனால்கூட அது பாட்டுக்கு டிக் டிக் என்று ஓடி, நேரம் ஆனதும் பெருமையாக டிங் அடிக்கும். திறந்து பார்த்தால் மாவு மாவாகவே தளும்பும்.

டிஜிட்டல் மட்டும் ஒழுங்கா? நாத்தனார் வீட்டு மாடுலர் கிச்சனில் சுவரோடு பதித்த அடுப்பு இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே நிற்கும். இப்போது மணி என்ன என்று நாம் சொன்னால்தான் சூடாகும். வெளிநாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. 2018-இல் செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் மின்சாரத் தகராறு. அதில் குறைந்த மின்சாரத்தை யாரும் ஈடுகட்டாததால் ஐரோப்பிய மின்தொடரின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. அந்த அதிர்வை எண்ணி மணி சொல்லும் அடுப்புக் கடிகாரங்களெல்லாம் மார்ச் மாதத்துக்குள் சுமார் 6 நிமிடம் பின்தங்கின. எங்கள் டைமருக்கு உலக அரசியல் தெரியாது. அதன் பிரச்சினை முழுக்க உள்ளூர்ப் பிரச்சினை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு முதலில் குமிழை இழுத்துப் பார்த்தேன். பல வீடுகளில் கோளாறு அங்கேயே இருக்கும். பிளாஸ்டிக் விண்டு, குமிழ் மட்டும் சுற்றும், அச்சு அசையாது. இது அப்படி இல்லை. பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். ரொட்டித் துகள், பெருங்காயம் மாதிரி இறுகிப்போன கிரீஸ், ஒரு வறுத்த எறும்பு. ஒயர்களை போனில் படம் பிடித்துக்கொண்டு, டைமரில் இருந்து அவற்றின் முனைகளைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். முள் 10-இல் இருந்தபோது பீப் என்றது, பூஜ்யத்தில் கப்சிப். அப்படியென்றால் பட்டிகள் நலம், சக்கரங்களுக்குத்தான் மூட்டுவலி. சுருள்வில்லுக்கு ஆரம்பத்தில்தான் பலம். பிரியப் பிரியத் தெம்பு குறையும். கடைசி ஏழு நிமிடத்தில் அந்தக் கிரீஸைத் தள்ள அதற்குத் திராணி இல்லை.

"தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விடேம்மா" என்றார் மாமியார். மார்கழியில் அதுவே உறைந்து போகும் என்பதால் நாசூக்காக மறுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பலன் இருந்தது. ஏழில் நின்றது இப்போது மூன்றில் நின்றது.

பழைய டைமரையே சாம்பிளாக எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் அதைத் திருகிக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு, "வயசாயிடுச்சு மேடம்" என்றார். 60 நிமிஷமா, 120-ஆ, அச்சு நீளம் எவ்வளவு, எத்தனை ஆம்பியர் என்று கேட்டுப் புதிது கொடுத்தார். 1500 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 6.5 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் தாங்குகிற டைமராகவே வாங்கினோம். அடுப்பு விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. "புதுசுதானே வாங்கினோம்" என்று கணவருக்குப் பரம திருப்தி.

ஓடிஜி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஐந்து நிமிடம்தான் வேண்டும் என்றாலும் குமிழை 20-ஐத் தாண்டித் திருகி, பிறகு ஐந்துக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். டிங் கேட்கும்வரை அடுப்படியை விட்டு நகராதீர்கள்.