மோட்டார் சைக்கிள் விற்காமலிருக்கச் சில வழிகள்

மொன்றியல் தீவின் மேற்குப் பக்கம் ஆற்றோரமாகக் கிடக்கும் ரொக்ஸ்பரோவில், வசந்தம் வந்ததை அறிய நாட்காட்டி தேவையில்லை. பனி கரைந்த மறுநாளே குவான் வீதியில் முதல் மோட்டார் சைக்கிள் உறுமும். ஆறு மாதம் கராஜுக்குள் பூட்டிக் கிடந்த கோபமெல்லாம் அந்தச் சத்தத்தில் இருக்கும். ஐம்பத்துமூன்று வயதில் எனக்கும் அந்த ஆசை வந்தது. மனைவி, "நல்ல வயசு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த ஏப்ரலில் நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். பயணச்சீட்டு வாங்க வருகிறவன் மாதிரி, காசையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னையே வாங்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். சாதாரண திறமையல்ல. தொழிலுக்குப் புதிதாக வரும் விற்பனையாளர்களுக்காக அதை இங்கே எழுதி வைக்கிறேன். இலவசம்தான்.

முதல் பாடம், நிமிராதீர்கள். கியூபெக்கில் வணக்கம் சொல்வதே அரசியல் என்பது உங்களுக்குத் தெரியும். 2017 நவம்பரில் மாகாணச் சட்டமன்றமே கூடி, 'போன்ஜூர்-ஹாய்' வேண்டாம், 'போன்ஜூர்' என்று மட்டும் வரவேற்கும்படி கடைக்காரர்களைக் கேட்டு ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. இதற்கு நான் போன முதல் கடை கண்ட தீர்வு அபாரம்: ஒன்றுமே சொல்வதில்லை. மௌனத்தின் மேல் எந்த மொழிச் சட்டமும் பாயாது.

அந்த மௌனத்தை எப்படிக் காப்பது என்பதையும் அங்கேதான் பார்த்தேன். விற்பனையாளர் மேசையில் ஒரு புது ஹெல்மெற்றை வைத்து, அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்ரிக் தாளை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மூச்சைப் பிடித்து, மெல்ல மெல்ல இழுத்தார். பத்தடி தள்ளி நின்ற நானும், கிழியாமல் வரவேணும் முருகா என்று வேண்டிக்கொண்டேன். முழுசாக வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாலாக மடித்தார். நான் செருமினேன். அவர் அடுத்த ஹெல்மெற்றை எடுத்தார். அலமாரியில் இன்னும் பதினொன்று இருந்தன.

எப்போதாவது நிமிர்ந்தே ஆகவேண்டி வந்தால், முகத்தைப் பார்க்காமல் சப்பாத்தைப் பாருங்கள். தோல் ஜக்கெற் இல்லை, கையில் பச்சை குத்தவில்லை, சப்பாத்தில் வீதி உப்பின் வெள்ளைக் கறை, போதாக்குறைக்கு மண்ணிறத் தோல். கணக்கு முடிந்தது: இவர் வாங்க மாட்டார், கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். இரண்டாவது கடையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "மகனுக்கா?" எனக்கு மகன் இல்லை. பக்கத்தில் நின்ற மகள்தான் இரண்டு மாதமாக எல்லா மாடல்களையும் கரைத்துக் குடித்தவள். பிரேக்கைப் பற்றி அவள் பிரெஞ்சில் கேட்டாள். பதில் எனக்கு ஆங்கிலத்தில் வந்தது. சீற்றின் உயரத்தை அவள் கேட்டாள். அதற்கும் நான்தான் தலையாட்ட வேண்டியிருந்தது. கடைசியில் அவளைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொன்னார்: இளஞ்சிவப்பு ஹெல்மெற்றுகள் அந்தப் பக்கம்.

வந்தவருக்கு எதுவும் தெரியாது என்று முடிவெடுத்துவிட்டால் பாடம் நடத்தலாம். மூன்றாவது கடையில் ஒரு ரோயல் என்ஃபீல்டின் முன் நிறுத்தி, இது கலப்பில்லாத இங்கிலாந்துப் பாரம்பரியம், உங்களுக்குப் பழகக் கொஞ்சக் காலம் எடுக்கும் என்றார். கொல்லன் தெருவில் ஊசி விற்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் கண்டேன். அந்தப் பெயர் இங்கிலாந்தின் ரெடிச்சில் பிறந்தது உண்மை. ஆனால் 1955 முதல் சென்னையில் புல்லட் பூட்டப்பட்டது. இங்கிலாந்துக் கம்பனி படுத்த பிறகும் திருவொற்றியூர்தான் அந்தப் பெயரைக் காப்பாற்றியது. இப்போது சென்னைக்கு வெளியே ஒரகடத்திலும் செய்கிறார்கள். என்னுடைய ஆட்கள் பூட்டிய வண்டியை எனக்கே அறிமுகப்படுத்தினார். நான் குறுக்கிடவில்லை. மாணவன் குறுக்கிடக் கூடாது.

ஊர் மெக்கானிக் கடை ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வரத் தடை. மண்ணெண்ணெயில்தான் மோட்டார் சைக்கிள் ஓடியது. ஸ்ராட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல், பிறகு புகையோ புகை. கொக்குவிலில் ஒருவர் எஞ்சினைக் காதால் கேட்டே பழுது சொல்லுவார். அவரும் என்னைக் காக்க வைத்தவர்தான், அதுவும் மூன்று நாள். வாயில் வந்தபடி ஏசவும் செய்தார். ஆனால் வாங்கில் இருத்தி, பிளேன்ரீ தந்துவிட்டு ஏசினார்.

இனி விலை. இந்தப் பாடத்தை ஆறுதலாகப் படியுங்கள். கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2010 ஜூன் 30 முதல், விளம்பரப்படுத்தும் விலைக்குள்ளேயே வியாபாரி வாங்கும் கட்டணமெல்லாம் அடங்க வேண்டும். 5 வீத மத்திய வரியும் 9.975 வீத மாகாண வரியும் பிறகு சேரலாம். போக்குவரத்து, தயார்ப்படுத்தல் என்று புதிதாக எதுவும் முளைக்கக் கூடாது. நான்காவது கடையில் அட்டையில் ஒரு விலை தொங்கியது. மேசையில் எனக்குத் திருப்பி வைத்த தாளில் அதற்குக் கீழே நான்கு வரிகள் முளைத்திருந்தன. "தயார்ப்படுத்தல் என்றால் என்ன?" என்று கேட்டேன். பெட்டியில் இருந்து எடுத்து, பற்றறி பூட்டி, துடைப்பதாம். பெட்டியோடேயே தாருங்கள், நான் துடைக்கிறேன் என்றேன். சட்டத்தையும் மெல்லச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "முகாமையாளரைக் கேட்டு வருகிறேன்" என்று எழும்பிப் போனார்.

இந்த 'கேட்டு வருகிறேன்' இருக்கிறதே, அதுதான் பிரம்மாஸ்திரம். கண்ணாடி அறைக்குள் இருவரும் சிரித்துக் கதைப்பது தெரிந்தது. அவர் கையில் இருந்தது என்னுடைய தாள் அல்ல, டோனற்.

பழைய வண்டி விற்பவருக்கு ஒரு குறிப்பு. சந்தைக்கு வந்து இரண்டு வருடம் தாண்டாத மோட்டார் சைக்கிளை வியாபாரி விற்றால், இரண்டு மாத உத்தரவாதத்தைச் சட்டமே தருகிறது. ஆகவே அதைச் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால், காசு வாங்கிக்கொண்டு ஒரு உத்தரவாதத்தை எப்படி விற்பது?

திருத்தும் பகுதிக்குத் தனிக் கையேடு தேவையில்லை. மே மாதத்தில் வருகிறவருக்கு ஜூலையில் நாள் கொடுங்கள், போதும். அமெரிக்காவில் ரொபர்ட் பேர்சிக் 1974-இல் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் தத்துவத்தையும் சேர்த்து எழுதிய புத்தகத்தில், வானொலியை அலறவிட்டபடி அவருடைய எஞ்சினைக் குதறிய மெக்கானிக்குகள் வருகிறார்கள். உண்மையான பழுது 25 சதம் பெறுமதியான ஒரு முளையில் இருந்தது. உங்களுடைய துறைக்கு மரபு உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

கடைசியில் நான் வாங்கியது எங்களுடைய தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற ஒரு கியூபெக்காரரின் கராஜில். 500 சி.சி. ஹொண்டா. என்னுடைய உடைந்த பிரெஞ்சும் அவருடைய உடைந்த ஆங்கிலமும் நடுவழியில் சந்தித்தன. எந்த நட்டில் எண்ணெய் கசியும் என்பதை நான் கேட்காமலே காட்டினார். டொலார்-தே-ஓர்மோ முருகன் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தபோது அவரும் வந்து நின்று படம் பிடித்தார்.

கையேட்டின் இறுதி அத்தியாயம், வாடிக்கையாளரை மறவாமை. இதை எனக்குக் கற்பித்தவர் டோனற்காரர். நவம்பர் கடைசி, ஒரு பின்னேரம். வாசலில் முழங்கால் அளவு பனி. சவளோடு நிற்கிறேன், பொக்கற்றுக்குள் போன் அடிக்கிறது. முகாமையாளரைக் கேட்டுவிட்டாராம். நான் இன்னும் ஆர்வமாக இருக்கிறேனா, நாளைக்கே வந்து ஓடிப் பார்க்க வசதிப்படுமா என்று கேட்டார்.