கமிட்டி இருக்க பயமேன்?

2001 ஏப்ரலில் ஹார்வர்டு மாணவர்கள், பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகம் இருந்த மாசசூசெட்ஸ் ஹாலுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கேட்டது தங்களுக்கல்ல; துப்புரவாளருக்கும் காவலாளிக்கும் சமையற்கூடத்தாருக்கும் மணிக்கு 10.25 டாலர் கூலி. கஜானாவில் அப்போது 1,800 கோடி டாலருக்கு மேல்.

நிர்வாகம் முன்பே ஒரு கமிட்டி போட்டு, குறைந்தபட்சக் கூலி என்ற யோசனையைத் தள்ளிவிட்டு, தொழிலாளருக்குப் படிப்பு வகுப்புகளைக் கூட்டலாம் என்று கண்டுபிடித்திருந்தது. பசித்தவனுக்கு இலை போட்டு இலக்கணம் பரிமாறிய கதை!

21 நாள் கழித்து மாணவர்கள் எழுந்தார்கள். கிடைத்தது? இன்னொரு கமிட்டி. பொருளாதாரப் பேராசிரியர் தலைமையில் மாதக்கணக்கில் ஆராய்ந்து, கூலி குறைவுதான் என்றது அது. தரை துடைப்பவரைக் கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார். என்ன செய்ய, அவரிடம் முனைவர் பட்டம் இல்லையே!